நாடகத் தமிழ் வளர்த்த சங்கரதாஸ் சுவாமிகள்

(பத்தாம் வகுப்பு மாணவி)

சென்ற ஆண்டு விழாவன்று நம் பள்ளி மேடையில் பேசும் பொம்மை நிகழ்ச்சி ஒன்று நடைபெற்றதைத் தோழியர் மறந்திருக்க மாட்டீர்கள். நாற்காலியில் அமர்ந்த ஒருவர் தம் மடியில் தொப்பி அணிந்த பொம்மை ஒன்றை இருத்திக்கொண்டார். அவருடைய உதடுகள் அசையவில்லை, பொம்மைதான் பேசியது. முன் வரிசையில் இருந்த சகோதரிகளுக்கு வணக்கம் சொன்னது, கணக்குப் பாடம் கசக்கிறது என்று அழுதது, எல்.கே.ஜி. குழந்தைகளோடு சண்டைக்கு நின்றது. அரங்கமே சிரித்தது. நிகழ்ச்சி முடிந்ததும் நாங்கள் நான்கு பேர் அந்தப் பொம்மையைத் தொட்டுப் பார்க்கும் ஆசையில் மேடைக்குப் பின்புறம் ஓடினோம். அங்கே அவர் பொம்மையின் தலையைக் கழற்றி, ஒரு பழைய துண்டில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை வேறோர் ஊரில் நிகழ்ச்சி இருப்பதாகவும், இரவு பேருந்திலேயே உறங்கிக்கொள்ளப் போவதாகவும் சொன்னார். பொம்மையின் குரல் அவ்வளவு கணீரென்று ஒலித்தது. அவருடைய சொந்தக் குரலோ கம்மிப் போயிருந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு வந்தோம்.

மறுநாள் தமிழம்மாவிடம் இதைச் சொன்னோம். ஒரு பொம்மைக்கு அல்ல, நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தம் சொல்லைக் கொடுத்து, வாழ்நாள் முழுவதும் ஊர் ஊராகப் பெட்டியும் படுக்கையுமாய்ச் சுற்றிய ஒருவர் நம் தமிழ்நாட்டில் இருந்தார் என்று அவர்கள் கூறினார்கள். அவர்தாம் சங்கரதாஸ் சுவாமிகள். பொது அறிவுப் போட்டிக்காக நாங்கள் மனப்பாடம் செய்து வைத்திருந்த பெயர்தான் அது. தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் யார் என்று கேட்டால் அவர் பெயரைச் சொல்லி ஒரு மதிப்பெண் வாங்கிக்கொள்வோம். அதற்கு மேல் அவரைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் நூலகத்துக்குப் போனோம்.

சுவாமிகள் 1867-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சங்கரன். தந்தையார் தாமோதரத் தேவர் இராமாயணச் சொற்பொழிவு ஆற்றுவதில் வல்லவர்; அதனால் ஊரார் அவரை இராமாயணப் புலவர் என்றே அழைத்தார்கள். மகனுக்கு முதல் ஆசிரியரும் அவரே. பிறகு சங்கரன் பழனிக்குச் சென்று வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றார். சந்தப் பாடல்களில் தண்டபாணி சுவாமிகளுக்கு இணையானவர் அக்காலத்தில் அரிது. வெண்பாவும் கலித்துறையும் சிந்தும் விருத்தமும் பிற்காலத்தில் சங்கரதாஸரின் கையில் விளையாடியதற்குக் காரணம் அந்தப் பழனிப் படிப்புதான். யாப்பிலக்கணம் எதற்குப் பயன்படும் என்று தேர்வு நேரத்தில் முணுமுணுக்கும் எங்களுக்கு இது கொஞ்சம் உறைத்தது.

படித்து முடித்தவருக்குக் கிடைத்த வேலை உப்பளத்தில் கணக்கு எழுதுவது. சில ஆண்டுகள் அதையும் செய்தார். தூத்துக்குடி வெயிலில் உப்புமூட்டைகளை எண்ணி எழுதிக்கொண்டே அவர் மனம் எங்கே இருந்திருக்கும் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம். 1891-ஆம் ஆண்டு, தம் இருபத்து நான்காம் வயதில், வேலையை உதறிவிட்டு நாடகக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார்.

அதே 1891-இல்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அங்கே நடித்தவர்கள் கல்லூரியில் படித்தவர்கள், வழக்கறிஞர்கள், உத்தியோகஸ்தர்கள். மாலையில் நடித்துவிட்டு இரவில் வீட்டுக்குப் போய்த் தம் கட்டிலில் உறங்கினார்கள். சுவாமிகள் சேர்ந்த உலகம் வேறு. அங்கே நாடகமே பிழைப்பு. இன்று ஓர் ஊர், அடுத்த மாதம் வேறோர் ஊர். அவர்களுக்குச் சமூகம் இட்ட பெயர் கூத்தாடி. வீடு வாடகைக்குக் கேட்டால் கிடைக்காது. பெண் கேட்டால் கொடுக்க மாட்டார்கள். கணக்கு எழுதிச் சம்பளம் வாங்கிய, இலக்கணம் படித்த ஒருவர் இந்த வாழ்க்கைக்குள் தாமாகவே நடந்து போனார் என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தொடக்கத்தில் அவர் நடிகராகவே இருந்தார். இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் ஆகிய வேடங்கள் அவருக்கு உரியவை. கனத்த குரலும் பெரிய உருவமும் கொண்டவர் என்பதால் அந்த வேடங்களில் பார்த்தவர்கள் உண்மையிலேயே நடுங்கினார்களாம். அந்த நடுக்கமே அவருடைய வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்வார்கள். நளதமயந்தி நாடகத்தில் சனீஸ்வரனாக நடித்த ஓர் இரவு முடிந்து விடியற்காலையில், வேடம் கலைக்க அவர் நீர்நிலைக்குச் சென்றார். அங்கே தனியாக நின்ற ஒரு பெண் அந்தக் கறுத்த உருவத்தைக் கண்ட அதிர்ச்சியில் விழுந்து உயிர் நீத்தாள். மற்றொரு முறை சாவித்திரி நாடகத்தில் எமனாக அவர் ஆர்ப்பரித்து வந்தபோது, பார்த்துக்கொண்டிருந்த கர்ப்பிணி ஒருத்திக்குக் கரு கலைந்தது. இவை நூற்றாண்டு காலமாகச் சொல்லிச் சொல்லி வந்த செய்திகள். இதில் எவ்வளவு கூடியிருக்கும், எவ்வளவு குறைந்திருக்கும் என்று எங்களுக்குள்ளேயே வாதம் நடந்தது. ஆனால் அவர் அரிதாரம் பூசுவதை விட்டார் என்பது உறுதி. மற்றொரு நடிகராக இருந்தால் இதைத் தம் நடிப்புக்குக் கிடைத்த விருதாக எண்ணி மார் தட்டியிருப்பார். இவரோ அதன்பின் மேடையில் அப்படி நிற்கவில்லை. மேடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார்.

இடையில் சில காலம் எல்லாவற்றையும் துறந்து காவி உடுத்தித் தலயாத்திரை சென்றார். சங்கரதாஸ் என்பவர் சுவாமிகள் ஆனது அப்போதுதான். மணம் செய்துகொள்ளவில்லை. கடைசியில் புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரை ஆதரித்துத் தம் மகனைப் போல் வைத்துக்கொண்டார். தாளத்தின் நுட்பங்களை அவரிடம் பயின்ற சுவாமிகள் மறுபடியும் நாடக உலகுக்குத் திரும்பினார். துறவியும் நாடகக் கம்பெனியும் பொருந்துமா என்று கேட்கத் தோன்றுகிறது. உறங்க ஓரிடம் என்று இல்லாமல் ஊர் ஊராகப் போவது இரண்டுக்கும் பொதுதானே.

அவர் வருவதற்கு முன் மேடை எப்படி இருந்தது என்பதைச் சொன்னால்தான் அவர் செய்தது விளங்கும். கதை எல்லாருக்கும் தெரியும். பாட்டுகளும் ஓரளவு தெரியும். ஆனால் இடையில் பேசும் பேச்சு அவரவர் இஷ்டம். ஒருவரையொருவர் மடக்குவதற்காகக் கதையை விட்டு எங்கெங்கோ போவார்கள். சபையில் சொல்லத் தகாதவற்றையும் சொல்லிக் கைதட்டு வாங்குவார்கள். சுவாமிகள் கதையை ஒழுங்குசெய்தார், பாட்டையும் வசனத்தையும் வரையறுத்து எழுதினார், நாரதர் இங்கே வர வேண்டும், இந்தப் பாட்டுக்கு இந்த மெட்டு, இதற்கு இந்த மறுமொழி என்று கட்டமைத்தார். வசனத்தின் நடுவே திருக்குறளும் நாலடியாரும் இயல்பாக வந்து விழும். எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் கொட்டகையின் மணல் தரையில் உட்கார்ந்தபடியே குறள் கேட்டார்கள்.

வள்ளித் திருமணம், பவளக்கொடி, கோவலன் சரித்திரம், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், அல்லி அர்ஜுனா, இலவகுசா, பிரகலாதன், சுலோசனா சதி என்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியத் கதையையும் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார். ஞானசௌந்தரியும் அவர் எழுதிய நாடகங்களில் ஒன்று என்று அறிந்தபோது எங்கள் சகோதரிகள் முகத்தில் ஒரு மலர்ச்சி. சிற்றன்னையின் சூழ்ச்சியால் கைகளை இழந்து, தேவமாதாவின் அருளால் அவற்றைத் திரும்பப் பெற்ற அந்தப் பெண்ணின் கதையை எங்களில் பலர் பாட்டிமார் வாய்மொழியாகக் கேட்டிருக்கிறோம். 1948-இல் அது திரைப்படமாகவும் வந்தது. முருகன் மீது பாடிய அதே கை இதையும் எழுதியது.

இவருடைய நாடகங்களால் விளைந்த ஓர் அதிசயத்தை எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பாட்டிதான் எங்களுக்கு விளக்கினார். அந்தக் குடும்பம் புதுக்கோட்டைப் பக்கம். தாத்தாவுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து இங்கே வந்தவர்கள். நம் பூந்தமல்லி, திருமழிசைப் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குத் தெருக்கூத்து நடப்பதைப் போல, பாட்டியின் ஊரில் கோயில் திருவிழா என்றால் இரவு பத்து மணிக்கு வள்ளித் திருமணம் தொடங்கி விடியும்வரை நடக்குமாம். அதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். ராஜபார்ட் மதுரையிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் காரைக்குடியிலிருந்து வருவார். பபூன் திண்டுக்கல்காரராக இருப்பார். ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் வேறெங்கிருந்தோ வருவார்கள். அன்று மாலை பஸ்ஸை விட்டு இறங்கும்வரை அவர்களில் சிலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள். ஒத்திகையே கிடையாது. ஆனாலும் வள்ளி கேட்ட கேள்விக்கு நாரதர் மறுமொழி சொல்வார். வேடனாக வந்த முருகனுக்கு வள்ளி சுடச்சுடப் பதில் கொடுப்பாள். ஆர்மோனியம் சுருதி தப்பாது. எப்படி? எல்லாரும் படித்தது ஒரே பாடம், சுவாமிகளின் பாடம். அவர் மறைந்து நூறாண்டுகள் கடந்த பின்னும் தென்மாவட்டங்களில் அது அப்படியே நடந்துவருகிறது. நாங்கள் ஒரே வகுப்பில் ஓராண்டு முழுவதும் சேர்ந்திருந்தும் பதினைந்து நிமிட நாடகத்துக்கு இரண்டு வாரம் ஒத்திகை பார்த்தோம் என்பதை இங்கே அடக்கத்துடன் குறிப்பிட்டுவிடுகிறோம்.

பெரிய நடிகர்களோடு சுவாமிகளுக்கு எப்போதும் ஒத்துப்போனதில்லை. பாடத்தை மீறிப் பேசுவது, குடித்துவிட்டு மேடை ஏறுவது, நாடகத்தன்று சொல்லாமல் கொள்ளாமல் வேறு கம்பெனிக்குப் போய்விடுவது இவையெல்லாம் அந்நாளில் வழக்கம். ஆகவே அவர் சிறுவர்களின் பக்கம் திரும்பினார். 1910-இல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். பின்னாளில் பாட்டால் தமிழகத்தையே கட்டிப்போட்ட எஸ்.ஜி. கிட்டப்பா அவரிடம் பயின்றவர்களில் ஒருவர். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு தோன்றியது. அதில் சேர்ந்த டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவரான டி.கே. சண்முகம் அப்போது ஆறு வயதுக் குழந்தை.

இந்தப் பாலர் கம்பெனிகளின் வாழ்க்கையைப் பற்றி எவ்வளவு படித்தாலும் தீரவில்லை. ஓர் ஊரில் நாடகம் முடிந்தவுடன் திரைச்சீலைகள், உடைப்பெட்டிகள், கிரீடங்கள், கதைகள், வில்கள், சமையல் பாத்திரங்கள் எல்லாம் ரயிலிலும் மாட்டுவண்டியிலும் ஏறும். புதிய ஊரில் ஒரு கம்பெனி வீடு. பிள்ளைகள் எல்லாரும் ஒரே கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்பார்கள். இரவு நாடகம் என்றால் பகலில் பாடம். பாட்டுக்கு ஒரு நேரம், வசனத்துக்கு ஒரு நேரம். மாலையில் வண்டி கட்டி, மேளம் கொட்டி, தெருத்தெருவாக நோட்டீஸ் கொடுத்து வருவார்கள். ஊர் பிடித்துவிட்டால் மாதக்கணக்கில் தங்கலாம். மழை பிடித்துக்கொண்டால் வசூல் இல்லை, அடுத்த ஊருக்கு ரயில் கட்டணத்துக்கே திண்டாட்டம். பெண் வேடங்களையும் பையன்களே கட்டினார்கள். சாவித்திரியும் வள்ளியும் அல்லி அரசாணியும் அரைக்கால் சட்டைப் பையன்கள்!

அவர்களுக்கு ஓர் அச்சம் எப்போதும் உண்டு. அதற்கு மகரக்கட்டு என்று பெயர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஆண்பிள்ளைகளுக்குக் குரல் உடையும் அல்லவா? நேற்றுவரை குயில்போல் பாடி ஆயிரம் பேரைக் கட்டிப்போட்ட பையன், ஒரு காலையில் வாயைத் திறந்தால் தகரத்தைத் தேய்த்ததுபோல் சத்தம் வரும். அவ்வளவுதான், அவனுடைய வேடம் மற்றொருவனுக்குப் போய்விடும். குரல் திரும்பி நிலைப்பட்டால் அவனுக்கு அதிர்ஷ்டம். நிலைப்படாதவன் திரை இழுக்கலாம், பெட்டி தூக்கலாம், அல்லது ஊருக்குத் திரும்பலாம். பள்ளிக்கூடம் போகாத அவன் ஊருக்குத் திரும்பி என்ன செய்வான்?

இந்த இடத்தில் எங்கள் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ஆறு வயதுக் குழந்தைகளை வீட்டைவிட்டுக் கூட்டிப்போய் இரவு முழுவதும் கண்விழிக்க வைப்பது நியாயமா என்று ஒரு கட்சி. இன்று சட்டமே அதைக் குழந்தைத் தொழில் என்று தடுக்கும் என்றார்கள். அந்தக் காலத்தில் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மூன்று வேளைச் சோறும் தமிழும் இசையும் வேறு யார் கொடுத்தார்கள் என்று மறு கட்சி. இரண்டிலும் உண்மை இருக்கிறது. பல கம்பெனிகளில் பிள்ளைகள் அடியும் பசியும் பட்டார்கள் என்பது மறைக்கக்கூடியது அல்ல. சுவாமிகளும் கண்டிப்பானவர்; பாடம் தவறினால் கோபம் வரும். ஆனால் அவர் இருந்த இடத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது என்றும் சொல்லியாக வேண்டும். எழுத்து அறியாத பையன்கள் அவரிடமிருந்து வெண்பாவைப் பிழையில்லாமல் சொல்லக் கற்றார்கள். ஒவ்வொரு பையனின் குரலும் எதுவரை ஏறும், எந்தச் சொல்லில் நாக்கு இடறும் என்பதை அறிந்து அதற்கேற்ப எழுதினார்.

சிறுவன் சண்முகத்துக்காக அவர் எழுதிய அபிமன்யு சுந்தரி நாடகத்தின் வரலாறு இதற்குச் சான்று. நான்கு மணி நேரம் நடக்கக்கூடிய அந்த நாடகத்தை, பாட்டும் வசனமுமாக, ஒரே இரவில் எழுதி முடித்தார். பிள்ளைகள் உறங்கப் போகும்போது விளக்கடியில் உட்கார்ந்தவர், அவர்கள் எழுந்து வரும்போது கட்டுக் காகிதத்தோடு இருந்தார். அடித்தல் திருத்தல் இல்லை என்கிறார்கள். ஒரு பக்கக் கட்டுரைக்கு மூன்று பக்கம் கிழித்துப் போடும் நாங்கள் இதை நம்பத் தயங்கினோம். ஆனால் அந்த வேடத்தைக் கட்டிய சண்முகமே பெரியவரான பின் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார்.

பெண்களை மேடைக்கு வரவிடாத காலம் அது. வந்தவர்களை மதிக்காத காலம். அந்தக் காலத்திலும் சுவாமிகளின் வாழ்வில் ஒரு சிறுமி குறுக்கிடுகிறாள். 1911-இல் திருவையாற்றில் பிறந்தவர் டி.பி. ராஜலக்ஷ்மி. விளையாடும் வயதில் மணம் முடித்து, அது முறிந்து, தந்தையும் மறைந்து, தாயோடு திருச்சிக்கு வந்து சேர்ந்தவர். பிழைக்க வழி தேடி நாடகக் கம்பெனி வாசலில் நின்ற அவருடைய பாட்டைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளச் சொன்னவர் சுவாமிகள் என்று சொல்லப்படுகிறது. 1931-இல் வெளிவந்த காளிதாஸ் என்ற முதல் தமிழ்ப் பேசும்படத்தின் கதாநாயகி அவரே. 1936-இல் மிஸ் கமலா என்ற படத்தைத் தாமே எழுதி இயக்கியவரும் அவரே. எங்களுக்கு இந்தச் செய்தி சுவாமிகளின் அத்தனை நாடகங்களையும்விடப் பெரிதாகத் தோன்றியது. எங்கள் வீடுகளில் இன்றும் நாடகம், நடனம் என்றால் பத்தாம் வகுப்பு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றே பதில் வருகிறது. பெற்றோர் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறோம்.

1921-ஆம் ஆண்டு சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கையும் காலும் முடங்கின. பேச்சும் போய்விட்டது. இதைப் படித்தபோது நூலகத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. எத்தனை வாய்களுக்குச் சொல் கொடுத்தவர்! எமனாக முழங்கியவர்! அவர் வாயில் இப்போது ஒரு சொல் இல்லை. சம்பளம் கொடுக்கும் கம்பெனி எழுத முடியாத, பாட முடியாத ஆசிரியரை ஏதாவது ஓர் ஊரில் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. அடுத்த ஊருக்குப் புறப்பட்டபோது அவரையும் கூட்டிக்கொண்டே போனார்கள். அவர் எழுதிய வரிகளை மேடையில் பிள்ளைகள் சொல்ல, அவர் பேச்சற்றுக் கிடந்தார். சொந்த வீடில்லாதவருக்கு அந்தக் கம்பெனி வீடுகளே வீடு. 1922-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள், கம்பெனி புதுச்சேரியில் தங்கியிருந்தபோது, அங்கேயே அவர் உயிர் பிரிந்தது. வயது ஐம்பத்தைந்து. பிறந்த ஊருக்குக் கொண்டுபோகவில்லை. புதுவைக் கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்தார்கள்.

அதற்குப்பின் நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். டி.கே.எஸ். சகோதரர்கள் 1925-இல் சொந்தமாகக் கம்பெனி தொடங்கினார்கள். சண்முகம் ஔவையார் வேடம் புனைந்து ஔவை சண்முகம் ஆனார். 1973-இல் மறையும்வரை தம் ஆசிரியரின் பெயரைச் சொல்லாமல் அவர் மேடை ஏறியதில்லை என்று சொன்னால் மிகையாகாது. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் சுவாமிகளின் நாடகங்களைப் பாடி இலங்கைவரை புகழ் பெற்றார்கள். பேசும்படம் வந்ததும் வள்ளித் திருமணம் 1933-இலும் பவளக்கொடி 1934-இலும் வெள்ளித்திரைக்குப் போயின. பவளக்கொடியில்தான் எம்.கே. தியாகராஜ பாகவதர் முதன்முதலாகத் திரையில் தோன்றினார். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி சுவாமிகளின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய நினைவு நாளில் நாடகக் கலைஞர்கள் கருவடிக்குப்பத்துக்கு வந்து அஞ்சலி செலுத்துகிறார்கள். அவர் எழுதியவற்றில் பல அச்சேறாமலே போய்விட்டன என்பதுதான் வருத்தம். கம்பெனிக் கையெழுத்துப் பிரதிகள் பெட்டியோடு பெட்டியாக எந்த ரயிலில், எந்தச் சத்திரத்தில் தொலைந்தனவோ!

இனி எங்கள் கதை. எங்களில் ஒருத்திக்குப் பேச்சு திக்கும். வகுப்பில் எழுந்து வருகையைச் சொல்வதற்கே அவளுக்கு முகம் சிவந்துவிடும். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். நூலகத்தில் சாவித்திரி நாடகத்தின் எமன் பகுதியை யார் படிப்பது என்று நாங்கள் ஆளாளுக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தபோது, அவள் புத்தகத்தை வாங்கிப் படித்தாள். ஒரு சொல்கூடத் தடைபடவில்லை. பக்கம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு ஏதோ சொல்ல வந்தாள், மறுபடி திக்கியது. தம்முடையதல்லாத சொல்லைத் தாளத்தோடு சொல்லும்போது பலருக்கு அப்படித் திக்காமல் வரும் என்று எங்கள் அறிவியல் ஆசிரியை பிறகு விளக்கினார்கள். எமன் யார் என்பதில் அதன்பின் வாதமே எழவில்லை.

தமிழ் மன்ற விழாவில் சாவித்திரியும் எமனும் வாதிடும் காட்சியை மட்டும் நடித்தோம். அட்டையில் கிரீடம், கண்மையில் மீசை, தோழியின் அண்ணனுடைய கறுப்பு லுங்கி. பாட்டியை முன் வரிசையில் உட்கார வைத்திருந்தோம். எமன் நுழையும் நேரம் பார்த்து மின்சாரம் போய்விட்டது, ஒலிபெருக்கி இல்லை. எங்களுக்கு வயிற்றைப் பிசைந்தது. இருட்டில் அவள் குரல் மட்டும் கடைசி வரிசைவரை போயிற்று. சாவித்திரியாக நின்றவள் உண்மையிலேயே இரண்டடி பின்வாங்கினாள். எல்.கே.ஜி. குழந்தைகள் சிலர் அழத் தொடங்கவே, சிஸ்டர் அவர்களை எழுப்பி வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.